ஆணி அடிக்கக் கூடாது

நான் விற்கிற படங்களை வாங்கக்கூடியவர்களுக்குச் சொந்தச் சுவர் கிடையாது. சொந்தச் சுவர் வைத்திருப்பவர்களுக்கு என் படம் பத்தாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மளிகைக்கடைக்காரருக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். எனக்கு என் பெண் எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ போகிற காலம் ஆனது.

என்ன விற்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி நோட்டுப் புத்தக அளவுக் காகிதத்தில் லினோ அச்சுப் படங்கள், நடுநடுவே கொஞ்சம் நீர்வண்ணம். மயிலாப்பூர் தெப்பக்குளம், துணி காயும் மொட்டைமாடி, இஸ்திரி வண்டி, காம்பவுண்டு மேல் சரிந்த காகிதப்பூ, எதிர்வீட்டுப் பூனை. எல்லாம் 300 ரூபாய்தான்.

எழும்பூரில் படித்தவள் நான். 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார மருத்துவர் ஆரம்பித்த ஓவியப் பள்ளிக்கூடம், பிறகு கல்லூரி ஆனது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த வளாகம். அங்கே இருந்தவரை ஆளுயரத்துக்குக் குறைந்த எதையும் ஓவியம் என்று நான் ஒத்துக்கொண்டதில்லை. பிறகு கல்யாணம், நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை வீடு, அதில் ஐந்து பேர். ஆளுயரக் கேன்வாஸை நிறுத்தினால் பாத்ரூம் கதவு திறக்காது. “கலையைச் சாமானிய மக்களின் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே சிறிய படங்களுக்கு மாறினேன்” என்று பேட்டியில் சொல்லியிருக்கிறேன். பேட்டி எடுத்தது பக்கத்துத் தெருப் பெண், காலேஜ் பிராஜெக்டுக்காக. உண்மைக் காரணம் சாப்பாட்டு மேஜை. என் மாமியார் கீரை ஆய்ந்து முடித்தபின் எனக்கு மிஞ்சுகிற பாதி மேஜையில் எது அடங்குமோ, அதுதான் என் கலைக் கொள்கை.

லினோ என்பது அடிப்படையில் தரைவிரிப்புச் சரக்கு. ஆளிவிதை எண்ணெயையும் கார்க் தூளையும் கலந்து இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் 1860களில் கண்டுபிடித்தது. மரத்தில் இருப்பதுபோல நார் ஓட்டம் இதில் இல்லை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கட்டரை ஓட்டலாம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கை நழுவவும் செய்யும். வெட்டிய இடம் வெள்ளையாக நிற்கும், விட்ட இடம் மை பிடிக்கும். ரோலரால் மை தடவி, காகிதத்தை மேலே போட்டு, பிரஸ் வாங்க வசதி இல்லாததால் எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்க்கிறேன். அந்தக் கரண்டி எங்கே போயிற்று என்று வீட்டில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இந்த முறையில் படம் இடவலம் மாறி விழும். முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற சங்கதி இது. நானே ஒரு பள்ளியில் அந்த வகுப்பை எடுத்திருக்கிறேன். அப்படியும், பழைய ஹோட்டல் ஒன்றின் வாசலைச் செதுக்கியபோது ‘காபி தயார்’ என்ற போர்டை நேராகவே வெட்டிவிட்டேன். முதல் பிரதியை உரித்தெடுத்தபோது எழுத்தெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நின்றது. இரண்டாவது பிரதியில் சரியாகிவிடும் என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. நினைத்தேன். அடுத்ததிலும் நினைத்தேன். கடைசியில் 25 பிரதிகளையும் அடித்துக் கொடியில் தொங்கவிட்டேன். நல்ல காகிதம் வீணாகக் கூடாது என்று விற்பனைக்கும் எடுத்துப் போனேன்.

ஸ்டாலில் ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “ஏம்மா, எழுத்து திரும்பியிருக்கே?”

“எதிர்த்த சலூன் கண்ணாடியில தெரியற போர்டு சார்” என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பதில் என்று இன்றுவரை தெரியாது.

“அட!” என்றார். இரண்டு வாங்கினார். பக்கத்தில் நின்றவருக்கும் அவரே விளக்கினார். அந்தப் பதிப்புதான் என் வாழ்க்கையில் முதலில் விற்றுத் தீர்ந்தது. குற்றவுணர்வில், அதே ஹோட்டலை மறுபடி, இந்த முறை எழுத்தைத் திருப்பி வெட்டி, ஒழுங்காக அச்சடித்தேன். அது இன்னும் அலமாரியில் கட்டாக இருக்கிறது.

பதிப்பு எண் என்று ஒன்று உண்டு. மொத்தம் 25 பிரதிகள் என்றால், மூன்றாவது பிரதியின் கீழே பென்சிலால் 3/25 என்று எழுதுவோம். இன்னொரு ஓரத்தில் கையெழுத்து. அதற்குப் பிறகு அந்தப் பலகையிலிருந்து அச்சடிப்பதில்லை என்று வாங்குகிறவருக்குக் கொடுக்கிற வாக்கு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஸ்லர் போன்ற ஓவியர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த பென்சில் கையெழுத்து இப்போது உலகம் முழுக்கச் சம்பிரதாயம். எங்கள் ஊரில் அதை நான் இன்னும் நிலைநாட்டவில்லை. “இருபத்தஞ்சுக்கு மூணு மார்க்தானா? யார் மேடம் திருத்தினது?” என்று ஒரு கல்லூரிப் பையன் நிஜமான அனுதாபத்தோடு கேட்டான். 2025 மார்ச்சில் வரைந்தது என்று புரிந்துகொண்டு, “பழைய ஸ்டாக்கா? லேட்டஸ்ட் இல்லையா?” என்று கேட்டவரும் உண்டு.

அவர்களைக் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை. நானே ஒரு பதிப்பில் இரண்டு படங்களுக்கு 7/25 போட்டிருக்கிறேன். போன் பேசிக்கொண்டே எண் எழுதியதன் விளைவு. 25இல் ஒரே எண் உள்ள இரண்டு படங்களும் சென்னை மாநகரத்தில் எங்கெங்கோ போயிருக்கலாம். போகவில்லை. ஒரே அடுக்ககத்தின் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் போயின. இரண்டாவது மாடிக்காரர் போன் செய்தார். “மேலே இருக்கறவங்க வச்சிருக்கறது டூப்ளிகேட்டாம்மா?” குரலில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. பாராட்டே வராத ஆளின் படத்துக்குப் போலி தயாரிக்க ஒருவன் இருக்கிறான் என்று ஒரு கணம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ரப்பரை எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது மாடியில் ஏழை எட்டாக்கினேன். எட்டு ஏற்கெனவே வேளச்சேரியில் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

விலை சொல்வது எனக்கு வராத இன்னொரு வித்தை. பெரிய ஓவியர்களில் பலர் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்திருப்பார்கள். எனக்கும் கணக்கு தெரியும். 22க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றை நான்குக்கு நான்காகக் கிழித்தால் ஐந்தரைக்கு ஏழரையில் பதினாறு துண்டு. 300 ஜி.எஸ்.எம். பருத்திக் காகிதம் என்றால் தாள் ஒன்று 500 ரூபாய்க்கு மேல். மை, லினோ, கவர், அட்டை, என் கூலி. எல்லாம் கூட்டி வீட்டில் எழுதிவைத்த விலை 450. ஸ்டாலில் ஒருவர் படத்தைக் கையில் எடுத்ததும் அது 400 ஆகும். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தால் 300. ஒருமுறை ஓர் அம்மா, “முன்னூறா?” என்றார். நான் பதறி, “இருநூத்தம்பது குடுங்க போதும்” என்றேன். அவர் படத்தைத் திருப்பி வைத்துவிட்டார். “இல்லம்மா, கையால பண்ணினதுன்னு சொன்னியே, இவ்வளவு கம்மியா சொல்றியேன்னு பார்த்தேன்.” போய்விட்டார். அடுத்த கடையில் இயந்திரத்தில் அச்சடித்த புத்தர் ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு அவர் நடந்ததை, பொறாமையோடு கார் வரைக்கும் பார்த்தேன்.

சரி, மலிவு விலைதான் என் கொள்கை என்று வைத்துக்கொண்டாலும் பிரேம் கடையில் அது உடைந்துவிடுகிறது. படம் 300. பீடிங், கிளாஸ், மவுன்ட், பின்னால் ஹார்ட்போர்டு, மாட்ட வளையம் எல்லாம் சேர்த்து 650. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னபோது லினோ அச்சைத்தான் மனதில் வைத்திருந்திருக்க வேண்டும். வாங்கியவர் பிரேம் கடைக்குப் போய்விட்டு எனக்குப் போன் செய்வார், ஏதோ நானும் கடைக்காரரும் கூட்டு என்பதுபோல.

அந்தச் செலவைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று ஒரு வேலை செய்தேன். மவுன்ட் என்பது அழகுக்கு வைக்கிற வெள்ளை ஓரம்தானே, அது வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லி, கண்ணாடியை நேராகப் படத்தின் மேல் வைத்து மாட்டச் சொன்னேன். “மேடம், ஒட்டிக்கும்” என்றார். பிரேம் கடைக்காரர்கள் செலவு இழுத்துவிடவே பேசுவார்கள் என்று எனக்கு ஒரு ஞானம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்தது. சென்னைச் சுவர்களில் ஈரம் ஏறுகிற மாதங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நீர் பூத்து, படம் அதோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது இஸ்திரி வண்டிக்காரரின் பாதி முகம் கண்ணாடியோடு போய்விட்டது. மவுன்ட் இருந்தால் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே காற்றுக்கு இடம் இருந்திருக்கும். அதற்காகத்தான் மவுன்ட்டே. ஐந்து வருடம் ஓவியம் படித்த எனக்கு இதைப் பத்தாவது படித்த கடைக்காரர் சொல்லியிருக்கிறார், அதுவும் இலவசமாக.

காகிதத்தின் எதிரிகளைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். மரக்கூழ்க் காகிதத்தில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும், அதனால்தான் நாளிதழ் மஞ்சளாகிறது. பருத்திக் கந்தலில் செய்த காகிதம், புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் மாதிரி, அப்படி ஆவதில்லை. பிறகு பூஞ்சை, அதற்குப் பிறகு ராமபாணப்பூச்சி. வாங்க வந்தவர்களிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லி, படம் வாங்குவது என்பது ஒரு நோயாளியை வீட்டுக்கு அழைத்துப்போவது என்ற எண்ணத்தை உண்டாக்கி அனுப்பியிருக்கிறேன்.

இனி சுவர்.

300 ரூபாய்க்கு ஒரு படம் வாங்கலாம் என்று நினைக்கிறவர் யார்? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், அறை எடுத்துத் தங்கியிருக்கும் நர்ஸ்கள், ஐ.டி. பிள்ளைகள். அத்தனை பேரும் வாடகைக்கு இருப்பவர்கள். சென்னையில் வீட்டு உரிமையாளர் சாவியைக் கொடுக்கும்போது சொல்லும் முதல் வாக்கியம், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது. இரண்டாவது வாக்கியம், ஆணி அடிக்கக் கூடாது. காலி பண்ணும்போது பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைக் கழிப்பார்கள். ஒரு ஆணி ஓட்டை கூடுதலாக இருந்தால் அதற்குத் தனியாக ஒரு பெருமூச்சு விடுவார்கள். என் வாடிக்கையாளர்கள் என் படத்தை ஆசையாக வாங்கிக்கொண்டு போய், வைக்க இடமில்லாமல் துணி அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது.

தெரிந்ததும் தீர்வு கண்டுபிடித்தேன். ஒவ்வொரு படத்தோடும் இருபக்கமும் ஒட்டும் டேப் நான்கு துண்டு. கவரின் மேல் ‘ஆணி வேண்டாம்!’ என்று சிவப்பு எழுத்தில் எழுதினேன். இந்த முறை எழுத்து நேராகத்தான் இருந்தது. பெருமையாக விற்றேன். மடிப்பாக்கத்தில் ஒரு தம்பதி மொட்டைமாடிப் படத்தை வாங்கி, ஹால் சுவரில் ஒட்டி, போட்டோகூட அனுப்பினார்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி படம் தானாக விழுந்தது. தனியாக விழவில்லை. டிஸ்டம்பரும் அதற்கு முந்தைய டிஸ்டம்பரும் அதற்கும் முந்தைய சுண்ணாம்பும் நான்கு சதுரங்களாக அதனோடு வந்துவிட்டன. ஆணியாக இருந்தால் ஓர் ஓட்டையோடு போயிருக்கும். நஷ்ட ஈடாக இன்னொரு படம் தருகிறேன் என்றேன். அந்தப் பெண் அவசரமாக, “ஐயோ, வேண்டாங்க்கா” என்றாள்.

அதற்கு அப்புறம்தான் என் படங்கள் நிஜமாக எங்கே போகின்றன என்று விசாரிக்க ஆரம்பித்தேன். பிரிட்ஜ் கதவில் காந்த வில்லைக்கு அடியில், கேஸ் புக்கிங் எண்ணுக்குப் பக்கத்தில். பீரோ கதவின் உள்பக்கம். மீட்டர் பெட்டியின் மூடி. ஸ்விட்ச் போர்டுக்கு மேலே விரிசல் விட்ட இடத்தை மறைக்க. (“கரெக்டா அந்த சைஸ்தான் மேடம், அதனாலதான் வாங்கினேன்.”) ஒரு வீட்டில் சாமி அலமாரியில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் எதிர்வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. அங்கே ஓர் இடைவெளி இருந்ததாம். பூனையின் நெற்றியில் குங்குமம் இருந்தது. என் படைப்புகளில் தினமும் கற்பூர ஆரத்தி காண்பது அது ஒன்றுதான்.

நம் வீடுகளில் சட்டப்படி செல்லுபடியாகிற ஆணி ஒன்று உண்டு. யார் அடித்தது என்று தெரியாது, வீடு கட்டியபோதே முளைத்ததுபோல இருக்கும். அது தினசரி காலண்டருக்கு. ராகுகாலம், எமகண்டம், முகூர்த்த நாள், விரதம், இன்றைய பொன்மொழி எல்லாம் இருக்கிற, கடையில் சும்மா கொடுக்கிற காலண்டர். என் படத்தில் ராகுகாலம் கிடையாது, அதற்கு 300 ரூபாய் வேறு கேட்கிறேன். இந்தப் போட்டியில் நான் தோற்றது எனக்கு அவமானமே இல்லை, ஏனென்றால் எதிரணி மிகப் பெரியது. அதிலும் முக்கியமானவர் எங்கள் எழும்பூரிலேயே படித்த கொண்டையராஜு. கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சில் ஏறி, துணிக்கடை, நகைக்கடை, எண்ணெய்க்கடை பெயரோடு தமிழ்நாட்டுச் சுவர்களை எடுத்துக்கொண்டார்கள். 1976இல் அவர் மறைந்தார். சுவர்கள் இன்னும் காலியாகவில்லை. காசே வாங்காமல் வீட்டுக்கு வீடு படம் கொடுத்த அந்த ஏற்பாட்டைத்தான் நான் ‘கலையைச் சாமானியரிடம் கொண்டுபோதல்’ என்று புதிதாகக் கண்டுபிடித்திருந்தேன்.

காலண்டரோடு மோத முடியாதென்றால் காலண்டராகவே ஆகிவிடலாம் என்று தோன்றியது. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு லினோ. தேதி உட்பட எல்லாம் கையால் செதுக்கியது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் ஆர்டரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது தீபாவளிக்குப் பிறகு. டிசம்பர் மாதத்தைச் செதுக்கி முடித்தபோது மாசி பிறந்திருந்தது. ஜனவரித் தாள் மட்டும் எல்லாரும் பாராட்டுகிற மாதிரி அமைந்திருந்தது.

சில சமயம் ரவிவர்மாவை நினைத்து ஆறுதல் தேடுவேன். அரண்மனைகளில் மட்டும் தொங்கிய தன் ஓவியங்களை எல்லார் வீட்டிலும் பார்க்க ஆசைப்பட்டு 1894இல் பம்பாயில் அச்சகம் போட்டார். ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் தொழில்நுட்ப ஆட்கள். சரஸ்வதியும் லட்சுமியும் வீதிவீதியாகப் போனார்கள். நடுவில் பிளேக் வந்தது, அச்சகத்தை லோனாவாலாவுக்குப் பக்கத்தில் மலவ்லிக்கு மாற்றினார்கள், கடன் ஏறியது, கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கே விற்க வேண்டி வந்தது. ராஜா ரவிவர்மாவுக்கே கட்டுப்படியாகாத வியாபாரம் என்று வீட்டில் ஒருமுறை சொன்னேன். “அவர் படம் நம்ம வீட்டுல இருக்கே. உன்னோடது யார் வீட்டுல இருக்கு?” என்றார் மாமியார். குரூரமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகத்தான் கேட்டார்.

இன்னொரு ஆறுதல் இருந்தது, சோழமண்டலம். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் ஓவியர் கிராமத்தையே உண்டாக்கினார்கள். கொஞ்ச நேரம் விற்கிறதற்கு, மிச்ச நேரம் தனக்கு என்பது அவர்களுடைய ஏற்பாடு. அதே ஏற்பாட்டை நானும் பின்பற்றினேன். என் வருமானத்தில் இதுவரை ஒரு பேப்பர் கட்டர் வாங்கியிருக்கிறேன். அதற்கும் சாணை பிடிக்க வேண்டும்.

பெங்களூரு சித்திரச் சந்தைக்குப் போனதையும் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமாரகிருபா சாலையை அடைத்து, சித்ரகலா பரிஷத்து நடத்துகிற சந்தை. நூற்றுக்கணக்கான ஓவியர்கள் தெருவோரத்தில் உட்கார்ந்து விற்பார்கள், லட்சக்கணக்கில் ஜனம் வரும். சிறிய படம் விற்கிறவளுக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று ராத்திரி பஸ் ஏறினேன். நான் கணக்கில் எடுக்காதது காற்று. கேன்வாஸ்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள். என் காகிதங்கள் எழுந்து பக்கத்துக் கடை யானை ஓவியத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு படத்தின் மேலும் பக்கத்து மரத்தடியிலிருந்து பொறுக்கிய கூழாங்கல்லை வைத்தேன். சும்மா இருக்காமல் சில கற்களில் மிச்ச மையால் மீன், கண், இலை என்று கிறுக்கினேன். ஒரு சிறுமி வந்தாள். “எஷ்டு ஆன்ட்டி?” என்றாள், கல்லைக் காட்டி. அப்புறம் அவள் அம்மா. அப்புறம் அவர்களைப் பார்த்த இன்னொரு குடும்பம். சாயங்காலம் கல் தீர்ந்துவிட்டது, படங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்துவிட்டன. கல்லுக்கு விலை சொன்னபோது மட்டும் எனக்குக் குரல் நடுங்கவே இல்லை. 100 ரூபாய், ஒரே விலை.

காகிதப்பூ விஷயத்தைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், வலிக்கிறது. கண்ணைப் பறிக்கும் ஒரு ரோஸ் வண்ணம் உண்டு. பகலில் பளபளக்கிற அந்தச் சாயம் வெளிச்சத்தில் நிற்காது. பாதி மூடிய துண்டொன்றை ஜன்னலில் சில வாரம் ஒட்டி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் ஒட்டினேன். பார்க்கத்தான் மறந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து வாங்கியவர் கூப்பிட்டு, “மேடம், பூவெல்லாம் வெள்ளையாயிடுச்சு” என்றார். “காகிதப்பூவுல வெள்ளையும் உண்டு சார்” என்று என் வாய் சொன்னது. அவருக்கு வேறு படம் அனுப்பினேன். மடக்கக் கூடாது என்று இரண்டு மொழியில் எழுதிய உறையைக் கொண்டுபோனவர் இரண்டாக மடக்கி, வாங்கியவர் வீட்டு கேட்டில் தொங்கிய பால் பையில் செருகிவிட்டுப் போனார். மூன்றாவது படத்தை நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிக்கெட்டும் ஆட்டோவும் சேர்த்தால் அந்தக் காகிதப்பூவின் அடக்கவிலையைக் கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.

நான் நன்றாகச் செய்தேன் என்று நம்பிய ஒரு படத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தெப்பக்குளம். மேலிருந்து பார்க்கிற மாதிரி, நான்கு பக்கமும் படி இறங்க, நடுவில் நீராழி மண்டபம், தண்ணீருக்கு மட்டும் மூன்று நீலம், மூன்று பலகை. பின் தெரு மாமி புதிதாக பிளாட் வாங்கிக் கிரகப்பிரவேசம் செய்தபோது, கடைக்காரர் சொன்ன மாதிரியே மவுன்ட் வைத்து, நல்ல தேக்கு நிற பீடிங்கில் மாட்டிக் கொடுத்தேன். பரிசு மேஜையில் சுவர்க்கடிகாரங்கள் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே அது கம்பீரமாகத்தான் இருந்தது. சொந்த வீடு, சொந்தச் சுவர், ஆணிக்குத் தடையில்லை. என் கணக்குப்படி எல்லா நிபந்தனையும் பூர்த்தியான ஒரே வீடு.

நவராத்திரிக்கு அழைத்தார். உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தேன். என் பிரேம் இருந்தது. அதற்குள் பேரனின் பள்ளி ஆண்டுவிழா போட்டோ இருந்தது. முகம் மாறாமல் வெற்றிலை பாக்குக்குக் கை நீட்டிக்கொண்டே கொலுவைப் பார்த்தால், படிகளுக்குக் கீழே பார்க் கட்டியிருந்தார்கள். மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, பஸ் ஸ்டாண்ட், செட்டியார் கடை, கிரிக்கெட் மைதானம். நடுவில் என் தெப்பக்குளம், தரையோடு தரையாக. அதன் மேல் மூன்று பிளாஸ்டிக் வாத்து. கரையில் துணி துவைக்கிற பொம்மை. முளைப்பாரிக்குத் தெளித்த தண்ணீர் பட்டிருந்தது. எண்ணெய் மை என்பதால் நிறம் கரையவில்லை, காகிதம் மட்டும் ஓரத்தில் லேசாக அலையடித்திருந்தது. குளத்துக்கு அது நன்றாகவே பொருந்தியது. மவுன்ட் போர்டை மைதானத்துக்குப் பெவிலியனாக வெட்டியிருந்தார்கள்.

“குளம் என்ன தத்ரூபமா இருக்கு!” என்றார் சுண்டல் வாங்க வந்த ஒருவர். அவருக்குப் பின்னால் வந்தவரும் சொன்னார். ஒரு குழந்தை குனிந்து தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்தது. இத்தனை வருடக் கண்காட்சிகளில் என் படத்தின் எதிரே யாரும் அவ்வளவு நேரம் நின்றதில்லை. நான் ஓரமாக உட்கார்ந்து கொண்டைக்கடலைச் சுண்டலைச் சாப்பிட்டேன். ஒரு தடவை சுண்டல் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன்.

மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அடுத்த வருஷத்துக்கு ஒரு வயல் வேணும்மா. பச்சைப் பசேல்னு. அப்புறம் ஒரு ஆறு, ரெண்டடி நீளத்துக்கு. எதிர்வீட்டு லலிதாவும் ஒரு குளம் கேக்கறா. என்ன ஆகும்?”

“ஒண்ணு முன்னூறு மாமி.”

“ஐந்நூறா வச்சுக்கோ. ஆறு பெரிசு இல்லையா.”

“வேண்டாம் மாமி, இருநூறு போறும்” என்றேன். என் வாய்தான்.

“ஆனா லாமினேஷன் பண்ணிக் குடுத்துடு. தண்ணி பட்டா துடைச்சுக்கலாம்.”

கைச்செதுக்கு அச்சின் மேல் பிளாஸ்டிக் ஒட்டுவது பற்றி எங்கள் வட்டாரத்தில் இருக்கும் கருத்தை இங்கே அச்சிட முடியாது. பருத்திக் காகிதம், அதன் மூச்சு, லிக்னின், பூஞ்சை எல்லாம் தொண்டை வரை வந்தன. “சரி மாமி” என்றேன். பிறகு, தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக, “கையெழுத்தும் நம்பரும் கீழ்ப்பக்கம் வரும் மாமி, பரவாயில்லையா?” என்று கேட்டேன்.

மாமி குளத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“அதுக்கென்ன, ஒரு வாத்து சேத்து வாங்கி மேல வச்சுட்டா போச்சு.”